வையோமிங்குக்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் சம இடம்: கூட்டாட்சியின் அடித்தளமா, 1787-இன் பேரமா?

பொருநை எழுதியது:

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இரண்டு இடங்கள் என்ற ஏற்பாட்டைக் கூட்டாட்சித் தத்துவத்தின் உச்சம் என்று பலர் பாராட்டுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வையோமிங்கில் சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். இரண்டுக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள்தாம். தலைக்கணக்கில் பார்த்தால் வையோமிங்கில் வாழ்பவருக்குச் செனட்டில் கிடைக்கும் எடை, கலிபோர்னியாவில் வாழ்பவருக்குக் கிடைப்பதைப் போல 68 மடங்கு. 1790-இல் நடந்த முதல் கணக்கெடுப்பில் மிகப் பெரிய மாநிலமான வர்ஜீனியாவுக்கும் மிகச் சிறிய டெலவேருக்கும் இருந்த இடைவெளி 13 மடங்கைக்கூட எட்டவில்லை. இன்று நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்பது மாநிலங்களில் வாழ்கிறார்கள்; அவர்களுக்கு நூறில் 18 செனட்டர்கள் மட்டுமே உண்டு.

இதை அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள். 1787-இல் அரசியலமைப்பை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன், நாம் அரசு அமைப்பது மனிதர்களுக்காகவா, மாநிலங்கள் எனப்படும் கற்பனை உருவங்களுக்காகவா என்று கேட்டார். மேடிசனும் கடைசி வரை எதிர்த்தார். அரசியலமைப்பின் தந்தை என்று எவரைப் போற்றுகிறோமோ, அவரே தோற்றுப்போன வாக்கெடுப்பின் விளைவை அவருடைய ஞானத்தின் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை.

கல்வெட்டு எழுதியது:

பொருநை அவர்களே, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் மனிதர்களை எண்ணுவது ஒன்றே நேர்மையான அளவுகோல் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள். 1787-இல் அந்த அறையில் கூடியவர்கள் ஒரு நாட்டின் குடிமக்களாக அங்கே வரவில்லை. தனித்தனி அரசுகளின் தூதர்களாக வந்தார்கள். அப்போது நடப்பில் இருந்த கூட்டமைப்பு விதிகளின்படி மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பது ஏற்கனவே அவர்கள் கையில் இருந்த உரிமை. அந்தச் சமத்துவத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று டெலவேர் சட்டமன்றம் தன் பிரதிநிதிகளுக்கு எழுத்திலேயே கட்டளையிட்டு அனுப்பியிருந்தது. சிறிய மாநிலங்கள் கீழவையில் அந்த உரிமையைக் கைவிட்டன, மேலவையில் வைத்துக்கொண்டன. இழந்தது அவர்கள்தாம் என்றுகூடச் சொல்ல முடியும்.

ஒப்புதல் கட்டத்தைக் கவனியுங்கள். 1787 டிசம்பர் 7 அன்று முதல் மாநிலமாக டெலவேர் முப்பது பேரும் ஒருமனதாக ஏற்றது. நியூ ஜெர்சியில் முப்பத்தெட்டு பேரும் ஏற்றனர். அதே ஆவணம் வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27 என்ற நூலிழையில்தான் நிறைவேறியது. கொடுத்த வாக்கை நம்பிச் சிறியவர்கள் முதலில் வந்து சேர்ந்தார்கள். அந்த வாக்கு எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை என்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதை எடுத்துவிட முடியுமா? மேடிசனே, அரசியலமைப்புக்கு ஆதரவு திரட்ட எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் வரிசையின் முப்பத்தொன்பதாம் கட்டுரையில், இந்த அரசியலமைப்பு முழுக்கத் தேசியமானதும் அல்ல, முழுக்கக் கூட்டாட்சியானதும் அல்ல, இரண்டும் கலந்தது என்று எழுதினார். அந்தக் கலவையில் மாநிலம் என்ற அலகுக்குரிய பங்குதான் செனட்.

பொருநை எழுதியது:

கல்வெட்டு ஐயா, மேடிசன் அறுபத்திரண்டாம் கட்டுரையில் இதே சம இடத்தைப் பற்றி எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதைத் தத்துவமாக நிறுவ அவர் முயலவே இல்லை. விட்டுக்கொடுத்தலின் விளைவு என்றும், இரண்டு தீமைகளில் சிறியது என்றும்தான் சொல்லி நகர்ந்தார்.

வாக்கெடுப்பு நடந்த விதத்தையும் சற்று அருகில் சென்று பாருங்கள். ஜூலை 2 காலையில் இந்தக் கேள்வி வாக்குக்கு வந்தபோது அப்போது மாநாட்டில் பங்கெடுத்துவந்த மேரிலாந்தின் இரு பிரதிநிதிகளில் ஒருவரான ஜெனிஃபர் அரங்குக்கு வந்து சேரவில்லை. அவரும் லூதர் மார்ட்டினும் எதிரெதிர்க் கருத்துடையவர்கள். அவர் இருந்திருந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு பிளந்து செல்லாமல் போயிருக்கும். அவர் இல்லாததால் மார்ட்டின் தனி ஆளாக மேரிலாந்தின் வாக்கைச் சம இடத்துக்கு ஆதரவாகப் போட்டார். கடைசியில் ஜார்ஜியா. நான்கு பிரதிநிதிகளில் இருவர் ஊரில் இல்லை. மிஞ்சிய இருவரில் ஆபிரகாம் பால்ட்வின், கனெக்டிகட்டில் பிறந்து வளர்ந்தவர், சிறிய மாநிலங்களின் பக்கம் வாக்களித்து ஜார்ஜியாவின் வாக்கைப் பிளந்தார். ஐந்துக்கு ஐந்து, ஒன்று பிளவு என்று மாநாடு முட்டி நின்றது. அங்கிருந்துதான் ஒரு குழு அமைந்து, ஜூலை 16 அன்று ஐந்துக்கு நான்கு என்று சமரசம் நிறைவேறியது; அன்றும் மாசசூசெட்ஸ் பிளந்தே கிடந்தது. ஒருவர் நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் பேரத்தின் போக்கே மாறியிருக்கக்கூடிய ஒன்றை அடித்தளம் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

அடுத்து, முன்பே இருந்த அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன என்ற உங்கள் வாதம் பதின்மூன்று மாநிலங்களுக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். மற்றவற்றுள் பெரும்பாலானவை, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் கோடு போட்டு உருவாக்கியவை. ஒரே டகோட்டா பிரதேசம் 1889 நவம்பர் 2 அன்று வடக்கு, தெற்கு என இரண்டு மாநிலங்களாகச் சேர்க்கப்பட்டதால் இரண்டு இருக்கைகள் நான்காயின. அன்று வாஷிங்டனில் ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சிக்கு அந்த இருக்கைகள் தேவைப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் ஐடஹோவும் வையோமிங்கும் ஒரே வாரத்துக்கு உள்ளாகச் சேர்ந்தன. எந்தப் பழைய இறையாண்மையை இவை விட்டுக்கொடுத்தன?

கூட்டாட்சிக்குச் சம இடம் தவிர்க்க முடியாத நிபந்தனையும் அல்ல. ஜெர்மனியின் மேலவையில் மாநிலங்களுக்கு மக்கள்தொகையைப் பார்த்து மூன்று முதல் ஆறு வாக்குகள் வரை உண்டு. நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

நெய்தல் எழுதியது:

இருவர் எழுதியதையும் மதிப்போடு படித்தேன். நான் எந்த மாநிலத்திலும் சேராத தலைநகரான வாஷிங்டன் நகரத்தில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கும் குடியுரிமை பெற்ற தமிழச்சி. நீங்கள் இருவரும் பேசும் தராசில் நான் ஏறவே இல்லை. என் காரின் எண் பலகையில், பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பை முடிவுக்குக் கொண்டுவாருங்கள் என்று அச்சிட்டிருக்கிறது. நகர நிர்வாகமே கொடுக்கும் பலகை அது. இந்த நகரத்தின் மக்கள்தொகை 2020-இல் 6 லட்சத்து 89 ஆயிரம். வையோமிங்கையும் வெர்மாண்டையும் விட அதிகம். கூட்டரசின் வருமான வரியை எல்லாரையும் போலக் கட்டுகிறோம். 1961-இல் வந்த இருபத்து மூன்றாம் திருத்தத்தால் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறோம். ஆனால் செனட்டில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு நாங்கள் அனுப்புபவருக்கு, சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பில் கை தூக்கும் உரிமை இல்லை.

இந்த நிலை அரசியலமைப்பு கையெழுத்தான நாளிலேயே இருந்தது அல்ல. இந்தப் பகுதி மக்கள் முன்பு மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் வாக்களித்து வந்தார்கள்; 1801-இல் காங்கிரஸ் நேரடி நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு அந்த வாக்கு போனது. 1978-இல் எங்களுக்கு முழுப் பிரதிநிதித்துவம் தரும் திருத்தம் காங்கிரஸில் நிறைவேறி மாநிலங்களுக்குப் போயிற்று. தேவை 38, ஏழு ஆண்டுக் கெடு முடியும்போது ஒப்புதல் தந்தவை 16.

ஆகவே கல்வெட்டு அவர்களிடம் ஒரு கேள்வி. சிறிய சமூகங்கள் பெரியவற்றின் எண்ணிக்கையில் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் செனட்டின் உயிர் என்றால், அந்த நியாயம் எங்களிடம் வரும்போது மட்டும் ஏன் நின்றுவிடுகிறது?

கல்வெட்டு எழுதியது:

நெய்தல் அவர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் பொருநைக்குச் சில விடைகள்.

ஜெனிஃபரின் வருகையை வைத்து ஓர் ஏற்பாட்டின் தகுதியை அளக்க முடியாது. ஜூலை 16-இல் சமரசம் நிறைவேறியதற்கு மறுநாள் காலை, கூட்டம் தொடங்கும் முன்பே பெரிய மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். சிறிய மாநிலங்களிலிருந்தும் சிலர் வந்து அமர்ந்திருந்தார்கள். சமரசத்தை மறுத்துத் தனியே ஒரு திட்டம் வகுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. முடிவு எதுவும் எட்டவில்லை, கலைந்து போனார்கள். அதாவது எதிர்த்தவர்களே, இது இல்லாவிட்டால் ஒன்றியம் இல்லை என்பதை அன்று காலை நடைமுறையில் ஏற்றுக்கொண்டார்கள். மேடிசனின் குறிப்புகளில் இருப்பது இதுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். செனட்டில் மாநிலம் வாக்களிப்பதில்லை, செனட்டர் வாக்களிக்கிறார். பழைய கூட்டமைப்பில் ஒரு மாநிலத்தின் பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கைத்தான் போட முடியும். புதிய செனட்டில் இருவரும் தனித்தனியே வாக்களிக்கலாம் என்று வைத்ததால், மாநில அரசின் தூதர் என்ற நிலை அப்போதே தளர்ந்தது. லூதர் மார்ட்டின் அதை எதிர்த்தது அதனால்தான். சிறிய மாநிலங்கள் ஓரணியும் அல்ல. வெர்மாண்டும் வையோமிங்கும் எந்தப் பெரிய கேள்வியில் ஒன்றாக நின்றன? 1922-இல் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய கும்பல் கொலைத் தடை மசோதா செனட்டில் மடிந்ததைச் சிலர் சம இடத்தின் குற்றமாகச் சொல்கிறார்கள். அதை மடித்தது, வாக்கெடுப்பு நடக்கவிடாமல் தடுக்கத் தென் மாநிலச் செனட்டர்கள் நடத்திய முடிவில்லாப் பேச்சு. அந்த வழக்கம் அரசியலமைப்பில் இல்லை, செனட் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகளில் இருக்கிறது.

இப்போது உங்களுக்கு, அம்மா. தலைநகரப் பகுதி எந்த ஒரு மாநிலத்தின் கையிலும் சிக்காமல் காங்கிரஸின் ஆளுகையில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் முதலாம் பிரிவே சொல்கிறது. வர்ஜீனியா கொடுத்த பகுதி 1846-இல் அதனிடமே திரும்பியது. மிஞ்சிய குடியிருப்புப் பகுதிகளை மேரிலாந்தோடு இணைத்தால் உங்கள் வாக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். புதிய மாநிலம் வேண்டியதில்லை.

பொருநை எழுதியது:

முடிவில்லாப் பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த வாதத்தை நான் கையில் எடுக்கமாட்டேன். வெர்மாண்டும் வையோமிங்கும் ஒன்றாக நிற்பதில்லை என்பதும் சரி. ஆனால் அது என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. ஜூன் 30 அன்று மேடிசன் மாநாட்டில் சொன்னதும் அதுதான்: மாநிலங்களைப் பிரிப்பது அளவு அல்ல, அடிமை முறை உள்ளவை, இல்லாதவை என்ற வேறுபாடுதான் என்றார். சிறியவர்களுக்கென்று தனி நலனே இல்லையென்றால், எந்த நலனைக் காக்க இத்தனை எடை கூட்டப்பட்டது?

மாநிலங்களுக்கு உள்ளே இதே ஏற்பாட்டை அமெரிக்காவே ஏற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலத்தின் மேலவையில், 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கு ஒரே ஓர் உறுப்பினர்தான். 1964-இல் அலபாமாவிலிருந்து வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றங்களின் இரு அவைகளும் மக்கள்தொகையின்படியே அமைய வேண்டும் என்று தீர்த்தது. சட்டமியற்றுபவர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களின் அல்லது ஏக்கர்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். கூட்டரசின் செனட்டை மட்டும் தனி வரலாறு என்று சொல்லி அந்தத் தீர்ப்பு ஒதுக்கி வைத்தது.

என் கவலையின் மையம் சட்டமியற்றுதல்கூட அல்ல. அங்கே கீழவை தடுத்து நிறுத்தலாம் என்ற பதில் உங்களுக்கு உண்டு. நீதிபதி நியமனத்தில் அந்தப் பதிலே கிடையாது. அதிபர் பெயரைச் சொல்கிறார், செனட் மட்டும் ஒப்புகிறது. மக்கள்தொகைப்படி அமைந்த அவைக்கு அதில் இம்மியும் பங்கில்லை. உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் 2017-இலிருந்து சாதாரணப் பெரும்பான்மை போதும். வாழ்நாள் பதவியில் அமர்ந்து அரசியலமைப்பின் பொருளைச் சொல்பவர்களை, மக்களில் சிறுபான்மையினரின் செனட்டர்கள் மட்டுமே கூடி அமர்த்திவிட முடியும்.

இதைத் திருத்தலாம் என்றால் கதவுக்கு இரட்டைப் பூட்டு. 1787 செப்டம்பர் 15, மாநாடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, தன் ஒப்புதல் இல்லாமல் எந்த மாநிலமும் செனட்டில் சம வாக்கை இழக்கக் கூடாது என்ற வரியை, அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் ஐந்தாம் பிரிவில் சேர்த்தார்கள். சிறிய மாநிலங்களின் முணுமுணுப்பு அரங்கில் பரவியதால் விவாதமே இல்லாமல் அது ஏற்கப்பட்டது என்று மேடிசன் குறித்து வைத்திருக்கிறார். சாதாரணத் திருத்தத்தையே பதின்மூன்று மாநிலங்கள் மறுத்தால் போதும்; மிகச் சிறிய பதின்மூன்றில் வாழ்பவர்கள் நாட்டில் ஐந்து சதவீதம்கூட இல்லை.

ஆகவே இரண்டு இடங்களைத் தொடச் சொல்லவில்லை. நீதிபதி நியமனத்தில் பிரதிநிதிகள் அவைக்கும் ஒப்புதல் உரிமை தரும் திருத்தத்தை நீங்கள் ஏற்பீர்களா?

கல்வெட்டு எழுதியது:

இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஏற்பேன். டெலவேருக்குக் கொடுத்த வாக்கு, மேலவையில் சம எடை என்பது. நியமனங்களில் அந்த அவை மட்டுமே பேசும் என்பது அந்த வாக்கின் உள்ளே இல்லை. நியமன அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்று மாநாடு செப்டம்பர் வரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு இருக்கைகளைக் குறைக்கும் எதையும் எதிர்ப்பேன். டகோட்டாவின் எல்லையைக் கட்சிக் கணக்கு போட்டிருக்கலாம்; அங்கே குடியேறியவர்கள் மற்ற மாநிலங்களுக்குச் சமம் என்ற உறுதியின் பேரில்தான் ஒன்றியத்தில் சேர்ந்தார்கள்.

நெய்தல் எழுதியது:

அந்தச் சமம் என்ற உறுதியைத்தான் நாங்களும் கேட்கிறோம். மேரிலாந்தோடு இணையுங்கள் என்கிறீர்கள். அதற்கு மேரிலாந்து சம்மதிக்க வேண்டும், நாங்களும் சம்மதிக்க வேண்டும். 2016 நவம்பரில் இந்த நகரத்தில் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையினர் தனி மாநிலம் வேண்டும் என்றே வாக்களித்தோம். நாடாளுமன்றக் கட்டடங்களும் வெள்ளை மாளிகையும் உள்ள சிறு பகுதியை மட்டும் கூட்டரசின் மாவட்டமாக வைத்துவிட்டு மற்றதை மாநிலமாக்கும் மசோதா 2020-இலும் 2021-இலும் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. இரண்டு முறையும் அது செனட்டைத் தாண்டவில்லை. வையோமிங்குக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்த அந்த அவையில், எங்களுக்காக எழுந்து பேச எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை.