பாராதைராய்டு கட்டி தானாகவே அடங்கிவிட்டதா? ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். பாராதைராய்டு (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிவான ஒருவருக்கு, மருந்து எதையும் மாற்றாமலே ரத்தக் கால்சியம் 11.9-லிருந்து 9.1 மி.கி.க்கும், பி.டி.எச். (அந்தச் சுரப்பியின் ஹார்மோன்) 182-லிருந்து 34-க்கும் இறங்கியிருக்கிறது. இடையில் திடீர்க் கழுத்து வலி. காறையெலும்புக்கு மேலே தோல் கன்றி நீலம் பாய்ந்திருந்தது. கட்டிக்குள் ரத்தம் கசிந்து அதன் திசு செத்துப்போயிருக்கலாம்.

கால்சியம், பி.டி.எச். அளவைப் பாதிக்கக்கூடிய ஆல்புமின், மக்னீசியம் இரண்டும் சரியாக உள்ளன. பயோட்டின் மாத்திரை பி.டி.எச்.-ஐ மட்டும்தான் குறைத்துக் காட்டும், கால்சியத்தைத் தொடாது. இங்கே இரண்டுமே இறங்கியிருப்பதால் அந்தச் சந்தேகமும் இல்லை.

ஓரத்தில் பிழைத்த செல்கள் மறுபடி வளர்ந்து, வருடங்கள் கழித்தும் கால்சியம் ஏறலாம் என்பதுதான் கவலை. இப்படிப்பட்டவர்களுக்கு அறுவையைத் தள்ளிவைத்தால் எத்தனை மாதத்துக்கொருமுறை கால்சியம், பி.டி.எச். பார்க்கிறீர்கள்? ரத்தக்கட்டு கரைவதற்குள் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பயனுண்டா? உதட்டோரம், விரல்நுனி மரத்துப்போனால் (கால்சியம் மிகவும் குறைந்ததன் அறிகுறி) உடனே கால்சியம் பார்க்கச் சொல்லியாயிற்று.