புதுப்பிப்பு: முட்டைக்குள் விற்றமின் ஊசி போட்ட கதை

ஹட்டனில் என் இன்குபேட்டரில் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே சாகின்றன, பொரிப்பவற்றிலும் சில விரல் சுருண்டு நடக்க முடியாமல் கிடக்கின்றன, விற்றமின் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆசை விடவில்லை, முதலில் ஊசிதான். 18ஆம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்து, காற்றறை உள்ள அகன்ற முனையில் துளையிட்டு, 0.1 மி.லீ. ஏற்றி மெழுகால் அடைத்தேன். 12இல் 3தான் பொரித்தது. மிச்சத்தை உடைத்தால் நாற்றம் தாங்கவில்லை. பெரிய பொரிப்பகங்களில் இயந்திரம் இதே நாளில் தடுப்பூசி போடுகிறது, உண்மை. ஆனால் அங்கே ஊசியைக் கிருமிநீக்கிக் கொண்டே இருப்பார்கள். லயத்துக் குசினியில் நடக்கிற காரியமா அது?

பலித்தது ஒரு அக்கா சொன்னது: தாய்க்கோழிக்குக் கொடுங்கள். விரல் சுருள்வதற்கு ரைபோஃபிளேவின் (பி2) குறைவு முக்கிய காரணமாம். நான் போட்டதோ சோறும் தேங்காய்ப்பூவும்! முட்டைக்கோழித் தீவனமும் தண்ணீரில் விற்றமின் பொடியும் மூன்று வாரம் கொடுத்த பிறகே முட்டை சேர்த்தேன். இம்முறை 12க்கு 9. ஒன்றுக்கும் விரல் சுருளவில்லை.

எதிர்பாராதது ஒன்று: விடியற்காலைக் குளிரில் பெட்டி 37.5 பாகையிலிருந்து 36க்கு இறங்கியிருந்தது. காற்றுத் துளையை விட்டுச் சாக்கு போர்த்தினேன். ஆகவே எண்ணிக்கை கூடியதில் சாக்குக்கும் பங்கிருக்கலாம்.