ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்புதான் வலிக்கிறது

கேள்வி: தையல் வேலை செய்கிறேன், வயது 43. இரண்டு வருஷமாக உடம்பு முழுக்க வலி. தூங்கி எழுந்தாலும் ராத்திரியெல்லாம் மூட்டை தூக்கிய மாதிரி அசதி. ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை தடுமாறுகிறேன். தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார் புது டாக்டர். அப்படியென்றால் நரம்பில் என்ன கோளாறு?

பதில் 1: அக்கா, எனக்கு ஆறு வருஷமாக இருக்கிறது. கற்பனை இல்லை. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்த மாதிரி, தண்டுவடமும் மூளையும் சின்ன அழுத்தத்தையும் வலியாகப் பெருக்குகின்றன. வலியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' தண்டுவட நீரில் அதிகமிருப்பதை 1990களிலேயே கண்டார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. எனக்குப் பாவாடை நாடா கட்டிய இடமே சாயங்காலம் கன்றிப்போன மாதிரி வலிக்கும்.

பதில் 2: இந்த நோயுள்ள சிலருக்குக் காலையில் கார்டிசால் என்ற ஹார்மோனின் ஏற்றம் மந்தமாக இருக்கும், எல்லோருக்கும் அல்ல. அதைச் சொல்லி, அந்த ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டதென்று 'அட்ரினல் சோர்வு' பவுடர் விற்க வருவார்கள். வாங்காதீர்கள்.

கேட்டவர்: இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். அது மனச்சோர்வு மாத்திரை என்கிறார் வீட்டுக்காரர்.

பதில் 1: குறைந்த அளவில் வலிக்கும் தூக்கத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்கள், அக்கா. வாய் வறளும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.