கண் முகாமில் மறதி நோயையும் பார்க்கலாமா?

பத்தமடைக்காரன்:
எங்கள் அம்மா நாற்பது வருடம் கோரைப்பாய் நெய்தவர். ஒரு நாள் சாயக் கோரையைக் கையில் பிடித்தபடி, அடுத்து எந்த நிறம் என்று தெரியாமல் தறிமுன் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். மறதி நோய் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. அதற்கு முன்பே சர்க்கரைக்காக முகாமில் விழித்திரையைப் படம் எடுத்திருந்தார்கள். விழித்திரை, கருவிலேயே மூளையிலிருந்து வளரும் திசு. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் அதன் நரம்பிழை அடுக்கு மெலிகிறது என்கிறார்கள். பிறகு ஏன் அதையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது?

அம்பை வாசகி:
அண்ணாச்சி, கண் பரிசோதனைதான் என் வேலை. முகாமில் எடுத்தது புகைப்படம். அடுக்கின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளப்பது ஓ.சி.டி. ஸ்கேன், அது வேறு கருவி. அதில் மெலிந்து தெரிந்தாலும், கண் அழுத்த நோயிலும் மெலியும், சர்க்கரையிலும் மெலியும், வயதானாலே மெலியும். உங்கள் அம்மாவுக்கு எதை எதன் கணக்கில் எழுதுவது?

பத்தமடைக்காரன்:
2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அடுக்கு மெலிந்தவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் அறிவுத்திறன் சரியும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அது பொய்யா?

அம்பை வாசகி:
பொய்யில்லை. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் போட்ட கணக்கு. வரிசையில் நிற்கும் ஓர் ஆச்சிக்கு அதை வைத்துச் சீட்டு எழுத முடியாது. எழுதினால், அடுத்த மாதமே பென்ஷன் புத்தகமும் பீரோ சாவியும் அவர் கையைவிட்டுப் போய்விடும். பிறகு பிழை என்று தெரிந்தால் யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

முக்கூடல் தம்பி:
முற்றிலும் குணமாக்க மருந்தில்லாத நோயை முன்கூட்டித் தெரிந்து என்ன செய்ய?

பத்தமடைக்காரன்:
நிறைய செய்யலாம், தம்பி. பி12 குறைவும் தைராய்டும்கூட மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அதுவும் இல்லையென்றால், நிலத்தை யாருக்கு எழுதுவது என்பதை அம்மா தன் வாயால் சொல்லியிருப்பார்.

அம்பை வாசகி:
அதை மறுக்கவில்லை. சரிசெய்யாத பார்வைக் குறையையே மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் சேர்த்தது. முகாம் முதலில் கண்புரையை எடுக்கட்டும். கூட வந்தவரிடம் ஐந்து நிமிடம் விசாரிக்க ஓர் ஆளையும் போடட்டும்.

பத்தமடைக்காரன்:
அம்மாவோடு போனவள் என் மனைவி. கேட்டிருந்தால், குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்ததை அன்றே சொல்லியிருப்பாள். விசாரிக்க ஆள் போடச் சம்மதம். ஸ்கேனை விட்டுக்கொடுக்க மாட்டேன்.