உதவி: வெளிநாட்டு ஆர்டர் மட்டும் செக்அவுட்டில் நிற்கிறது

நூல்கண்டு:
அவசரம் நண்பர்களே. எங்கள் ஆன்லைன் கடையை வெளிநாட்டுக்கும் திறந்துவிட்டோம். உள்நாட்டு ஆர்டர் ஒழுங்காக வருகிறது. வெளியே இருப்பவர்கள் கார்ட்டில் போடுகிறார்கள், முகவரி வரை நிரப்புகிறார்கள், அதோடு சரி. பணத்தை வசூலிக்கும் பேமென்ட் கேட்வே பதிவில் ஒன்றுமே இல்லை. என்ன பண்ணலாம்?

செவ்வகம்:
எந்த மென்பொருள்? எந்த நாட்டுக்காரர்கள்? திரையில் என்ன செய்தி வருகிறது? இந்த மூன்றும் இல்லாமல் குறி சொல்லத்தான் முடியும்.

மூன்றாம்புள்ளி:
கரன்சிதான். யென்னுக்குத் தசமம் கிடையாது. குவைத், பஹ்ரைன், ஓமன் நாணயங்களுக்கு மூன்று தசம இடம். எல்லாத் தொகையையும் 100ஆல் பெருக்கி கேட்வேக்கு அனுப்புகிற கோட் இருந்தால் 5,000 யென் 5,00,000 ஆகிவிடும், 12.500 தினார் 1.250 ஆகிவிடும்.

செவ்வகம்:
கேட்வே வரைக்கும் போகவே இல்லை என்கிறாரே சகோ.

மூன்றாம்புள்ளி:
அப்படியானால் பேஜ் கேஷ், அதாவது சேமித்து வைத்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டுவது. முதலில் வந்தவருக்குக் காட்டிய விலையே அடுத்த நாட்டுக்காரருக்கும் போகும். வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்தும் மென்பொருள்) என்றால் பொது அமைப்புகளில் வாடிக்கையாளர் இருப்பிடத்துக்கு ‘ஜியோலொகேட்’ (வருபவரின் நாட்டைத் தானே கண்டுபிடிப்பது) இரண்டு விதமாக இருக்கும். கேஷிங் சப்போர்ட் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கொட்டைபோட்டவன்:
தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. விஷயம் வரி. சுங்கமும் வாட்டும் (மதிப்புக் கூட்டு வரி) யார் தலையில் என்று எழுதாத கடையில் விவரம் தெரிந்தவன் வாங்கமாட்டான். டிடிபி (வரியை விற்பவரே கட்டி அனுப்புவது), டிஏபி (வரியைப் பெறுபவர் கட்டுவது) வித்தியாசம் தெரியாமல் ஏன் எல்லை தாண்டி விற்க வருகிறீர்கள்?

கடல்வழி:
தொனியைக் கொஞ்சம் குறைக்கலாம் அண்ணே. சின்னக் கடைக்கு டிடிபி கட்டுப்படியாகாது. டிஏபியில் அனுப்பி, ‘சுங்க வரி பெறுபவர் பொறுப்பு’ என்று பட்டனுக்கு மேலேயே எழுதினால் போதும்.

கொட்டைபோட்டவன்:
போதாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோ வரையுள்ள பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் (இறக்குமதி வாட்டை ஒரே இடத்தில் கட்டும் முறை) பதிவு எடுத்தால் வாட்டை விற்கும்போதே வாங்கிக் கட்டிவிடலாம். 2021 ஜூலை 1 முதல் இந்த வழி இருக்கிறது. எடுக்காவிட்டால் வீட்டு வாசலில் வாட்டோடு கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும். பத்து யூரோ சாமானுக்கு அதைக் கட்ட யாருக்கு மனசு வரும்? பார்சல் திரும்பி வரும், போன செலவும் வந்த செலவும் உங்களுடையது.

நூல்கண்டு:
வூகாமர்ஸ். துபாய், ஹாங்காங். சிவப்பில் ஏதோ வருகிறதாம்.

செவ்வகம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! இரண்டு இடத்திலும் அஞ்சல் குறியீடு என்பதே கிடையாது. குறியீட்டைக் கட்டாயமாக்கி தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஏதாவது கோட் சேர்த்தீர்களா? செக்அவுட் பக்கம் பழைய ஷார்ட்கோட் முறையிலா, புதிய பிளாக் முறையிலா?

நூல்கண்டு:
ஷார்ட்கோட். ஆமாம், பாதிப் பேர் குறியீடு போடாமல் விட்டார்கள் என்று சேர்த்தோம்.

செவ்வகம்:
அதுதான். எந்த நாட்டுக்கு எந்தக் கட்டம் வேண்டும் என்ற பட்டியல் வூகாமர்ஸிலேயே இருக்கிறது. அமீரகத்தைத் தேர்ந்தெடுத்ததும் பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட் அஞ்சல் குறியீட்டுக் கட்டத்தை மறைத்துவிடும். நீங்கள் சேர்த்த கோட் (ஃபில்டர்) அந்தப் பட்டியலுக்குப் பிறகு ஓடி, கட்டத்தை மறுபடி கட்டாயமாக்குகிறது. சர்வர் குறியீடு கேட்கிறது, நிரப்பக் கட்டமே திரையில் இல்லை. வாடிக்கையாளர் என்னதான் செய்வார்?

சரிபார்க்க, வெளிநாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் வேண்டாம். பிரைவேட் விண்டோவில் கடையைத் திறந்து, நாட்டை அமீரகமாக்கி, டெஸ்ட் பேமென்ட்டில் ஆர்டர் போடுங்கள். டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் செக்அவுட் கோரிக்கைக்கு வந்த பதிலைப் பாருங்கள்; ‘ஃபெயிலியர்’ என்றும் எந்தக் கட்டம் காலி என்றும் இருக்கும். பிறகு நீங்கள் சேர்த்த அந்தக் கோட் வரியை நீக்குங்கள். உள்நாட்டுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் நாடுவாரிப் பட்டியலுக்கான ஃபில்டரில் உங்கள் நாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

குறியீட்டுக் கட்டத்துக்கு எண் வகை கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிரிட்டன், கனடா, நெதர்லாந்து, அயர்லாந்து குறியீடுகளில் எழுத்தும் உண்டு. எண் விசைப்பலகையில் அதை எப்படி அடிப்பது? எண்ணாகச் சேமித்தால் அமெரிக்காவின் 02139 என்பது 2139 ஆகி லேபிளில் அச்சாகும்.

கடல்வழி:
தொலைபேசிக் கட்டத்தையும் பாருங்கள். பத்து இலக்கம்தான் என்று பூட்டியிருந்தால் அடுத்த புகார் அங்கிருந்து வரும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து 15 இலக்கம் வரை போகலாம், முன்னால் கூட்டல் குறியும் வரும்.

மூன்றாம்புள்ளி:
இருந்தாலும் கேஷை ஒரு தடவை காலி பண்ணுங்கள்.

நூல்கண்டு:
கோட் வரியை எடுத்தேன். துபாய் ஆர்டர் விழுந்தது. நன்றி.

செவ்வகம்:
ஹாங்காங்? போன் கட்டம்?

கொட்டைபோட்டவன்:
ஆர்டர் விழுந்தது சரி, அந்தப் பார்சலுக்கு வரி யார் கட்டுவது என்று இன்னும் எழுதவில்லை. அமெரிக்காவுக்கும் அனுப்புவதாக இருந்தால், 800 டாலர் வரையான பார்சலுக்கு இருந்த சுங்க வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. டிஏபி ஆட்கள் கவனிக்க.

கடல்வழி:
அதற்காகத்தான் பட்டனுக்கு மேலே எழுதச் சொன்னேன் அண்ணே.