ஸ்கேன்ல பாப்பாவுக்கு டிஜிஏன்னு வந்திருக்கு, டெலிவரி எங்க வச்சுக்கறது?

கேள்வி:
வைஃபுக்கு 22 வாரம். அனாமலி ஸ்கேன்ல டவுட்டுன்னு ஃபீட்டல் எக்கோவுக்கு, அதாவது வயித்துல இருக்கற பாப்பாவோட ஹார்ட் ஸ்கேனுக்கு அனுப்புனாங்க, அதுல ஹார்ட்ல இருந்து கெளம்புற ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறி இருக்கு, டிஜிஏன்னு சொல்லிட்டாங்க. வேற ஓட்டை எதுவும் இல்லையாம், பாப்பா வளர்ச்சியும் நல்லாதான் இருக்காம். தலைப்பிரசவம், அதனால அவங்க அம்மா ஊர்லயே பாத்துக்கலாம், பொறந்தப்புறம் சென்னைக்கு கொண்டு போலாம்னு வீட்ல சொல்றாங்க. இவ தூங்கறதே இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
தம்பி, தயவுசெஞ்சு ஊர்ல வச்சுக்காதீங்க. வயித்துக்குள்ள தொப்புள்கொடி வழியா ஆக்சிஜன் வந்துடும், அதான் வளர்ச்சி நல்லா இருக்கு. பொறந்ததும் கெட்ட ரத்தம் உடம்பையே சுத்தும், நல்ல ரத்தம் நுரையீரலையே சுத்தும், ரெண்டும் கலக்கறதுக்கு இருக்கற சின்ன வழியும் கொஞ்ச நேரத்துலயே மூட ஆரம்பிச்சிடும். என் பையனுக்கும் இதேதான். பொறந்தப்ப நல்ல எடை, வீல்னு கத்துனான், ஆனா பாத்துட்டு இருக்கும்போதே உதடும் நகமும் நீலமாயிடுச்சு, ஆக்சிஜன் வச்சும் ஏறல. முன்னாடியே தெரிஞ்சதால ஹார்ட் டாக்டர் இருக்கற இடத்துலதான் டெலிவரி, மருந்து ரெடியா இருந்துச்சு. இப்ப ஸ்கூல் போறான், வருஷா வருஷம் எக்கோ மட்டும் பாக்கறோம்.

பதில் 2:
நான் பச்சக்குழந்தை ஐசியூல நர்ஸ். அக்கா சொன்னது அத்தனையும் சரி. அந்த மருந்து புரோஸ்டாகிளாண்டின் ட்ரிப், அந்த வழிய மூடவிடாம வச்சிருக்கும், ஆனா சில பிள்ளைங்க மூச்சு விடறதையே நிறுத்திடும், அதனால வென்டிலேட்டர் பக்கத்துலயே இருக்கணும், இத ஆம்புலன்ஸ்ல சமாளிக்கறது ரொம்ப கஷ்டம். சில பிள்ளைக்கு பலூன் விட்டு ஹார்ட்டோட மேலறை நடுச்சுவத்துல பொறக்கறப்ப இயல்பாவே இருக்கற ஓட்டையையும் பெருசாக்குவாங்க, 1966ல டாக்டர் ராஷ்கிண்ட் கொண்டு வந்த முறை. அப்புறம் ஸ்விட்ச் ஆபரேஷன், 1975ல பிரேசில்ல டாக்டர் ஜாட்டேன் முதல்ல ஜெயிச்சது. குழாய்ங்கள வெட்டி மாத்தி வைக்கறப்ப ஹார்ட்டுக்கே ரத்தம் குடுக்கற கரோனரியையும் எடுத்து மாத்தி தைக்கணும், அதுதான் நுணுக்கமான வேலை. வேற ஓட்டை இல்லாத பிள்ளைக்கு பொதுவா முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள பண்ணிடுவாங்க, லேட்டானா இடது பக்கம் பலம் கொறஞ்சிடும். டிஜிஏன்றதுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்ல. கடைசி மாசங்கள்ல இன்னொரு எக்கோ கண்டிப்பா எடுங்க, அந்த மேலறை ஓட்டை சுருங்குதான்னு பாக்கணும். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா எந்த ஆஸ்பத்திரியில எடுத்துக்குவாங்கன்னு இப்பவே விசாரிச்சு வைங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அத்தைகிட்ட இத அப்படியே படிச்சு காட்டுனேன், சென்னையிலயே வச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. தாய்ப்பால் குடுக்க விடுவாங்களா?

பதில் 1:
ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் சொல்றபடிதான் தம்பி. ஆனா முதல் நாள்ல இருந்தே பம்ப் வச்சு பால எடுக்க சொல்லுங்க, இல்லன்னா வத்திடும். எனக்கு அப்படி எடுத்து வச்சதத்தான் முதல்ல ட்யூப்ல குடுத்தாங்க.