கட்டிப் பக்கம் கைக்கான இழைகள் வரவில்லை: படத்தை நம்பலாமா?

டர்பன் எம்ஆர்ஐ:
வணக்கம். டிராக்டோகிராஃபி (தண்ணீர் பரவும் திசையை வைத்து மூளை நரம்பிழைகளைக் கோடாக வரையும் எம்ஆர்ஐ முறை) செய்கிறேன். இடது முன்மடலில் கிளையோமா (மூளைக் கட்டி), மோட்டார் மடிப்பை (அசைவைக் கட்டுப்படுத்தும் மடிப்பு) ஒட்டி, சுற்றிலும் நீர்க்கோப்பு. 1.5 டெஸ்லா, பி-மதிப்பு (தண்ணீர் பரவலை உணரும் அளவு) 1000, 32 திசைகள், 2.5 மி.மீ. வாக்ஸல் (படத்தின் சிறு கனசதுரம்). வலப்பக்கம் கார்டிகோஸ்பைனல் பாதை (அசைவுக் கட்டளை தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை) தடியாக வருகிறது. கட்டிப் பக்கம் காலுக்குப் போகும் இழைகள் மட்டும், நூல் போல. ஆனால் நோயாளியின் வலக்கை பலம் 5/5. எஃப்ஏ (தண்ணீர் எவ்வளவு ஒரே திசையில் பரவுகிறது என்ற அளவு, 0 முதல் 1) வரம்பு 0.2, கோடு திரும்பக்கூடிய கோணம் 45 பாகை. இதை அப்படியே நேவிகேஷனில் (அறுவையின்போது இடம் காட்டும் கருவி) ஏற்றிவிடலாமா?

ரீயூனியன் வாசி:
வேண்டாம் தம்பி. கை முழுப் பலத்தோடு இருக்கிறதென்றால் இழையும் இருக்கிறது, படத்துக்குத்தான் அகப்படவில்லை. காரணம் இரண்டு. நீர்க்கோப்பில் தண்ணீர் எல்லாத் திசையிலும் பரவுவதால் எஃப்ஏ விழுகிறது, 0.2-க்குக் கீழே போனதும் கோடு நின்றுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கைக்கும் முகத்துக்குமான இழைகள் வெளிப்பக்கம் விரியும் இடத்தில் முன்பின்னாக ஓடும் எஸ்எல்எஃப் என்ற நீண்ட இழைக்கட்டும், மூளையின் இரு பக்கத்தையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்து இழைகளும் குறுக்கிடுவது. டென்சர் என்ற இந்தக் கணக்கு முறை ஒரு வாக்ஸலுக்கு ஒரே திசைதான் சொல்லும். காலுக்குப் போவது உச்சிக்கு நேரே ஏறுவதால் தப்பிக்கிறது. உங்கள் வலப்பக்கப் படத்திலும் கைப் பகுதி மெலிந்தே இருக்கும், பாருங்கள்.

விதையை (கோடு தொடங்கும் இடம்) நடுமூளையில், செரிப்ரல் பெடங்கிள் என்ற முன்தண்டில், திசை நிறப்படத்தில் நீலமாகத் (மேல்-கீழ் ஓட்டம்) தெரியும் பகுதியில் வையுங்கள். இலக்கு கை முடிச்சு: டி1 குறுக்குவெட்டில் மோட்டார் மடிப்பு தலைகீழ் ஒமேகா போல் வளையும் இடம். எஃப்ஏவை 0.12 வரை இறக்கி, கோணத்தை 60 ஆக்கி, இரு பக்கமும் ஒரே அமைப்பில் ஓட்டுங்கள்.

டர்பன் எம்ஆர்ஐ:
0.12-இல் கை முடிச்சுக்குச் சில கோடுகள் வந்தன. கூடவே ஒரு கொத்து மறுபக்கம் தாவுகிறது.

ரீயூனியன் வாசி:
அது கலோசம் வழியாகப் போகும் பொய்க்கோடு. நடுக்கோட்டில் நெடுவெட்டுத் தளம் முழுவதையும் விலக்குப் பகுதியாக வரையுங்கள். உண்மையான பாதை பக்கம் மாறுவது முகுளத்தில், உங்கள் விதைக்குக் கீழே. ஆகவே அது வெட்டுப்படாது.

போர்ட் லூயி:
எஃப்ஏவை இறக்குவது ஒட்டுப்போடும் வேலைதான். எம்ஆர்டிரிக்ஸ் மென்பொருளில் சிஎஸ்டி (ஒரு வாக்ஸலில் பல திசைகளைப் பிரிக்கும் கணக்கு) ஓட்டுங்கள். 32 திசைக்கு எல்மேக்ஸ் (அந்தக் கணக்கின் நுணுக்க அளவு) 6 தாங்கும் (28 கெழுக்கள்), 8 தாங்காது (45). அடுத்த ஸ்கேனில் 60 திசை, பி 2500 எடுத்தால் குறுக்கிழைகள் நன்றாகப் பிரியும், 1.5 டெஸ்லாவில் இரைச்சல் கூடும், வாக்ஸலை 2.5-க்குக் கீழே குறைக்காதீர்கள். எதிர்த்திசையில் எடுத்த பி0 (பி-மதிப்பு 0 படம்) ஒன்றும் கட்டாயம். இல்லையேல் முன்மடல் இழுபட்டு, பாதை சில மி.மீ. தள்ளி விழும். எடி திருத்தம் (சுழல் மின்னோட்டச் சிதைவைச் சரிசெய்வது) நெடுநேரம் ஓடும், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிறப்படத்தில் கலோசம் சிவப்பாக (இட-வல ஓட்டம்) இருந்தால் மட்டும் போதாது. கிரேடியன்ட் அட்டவணையில் (ஸ்கேன் திசைகளின் பட்டியல்) ஒரு அச்சின் குறி மாறியிருந்தாலும் நிறம் அப்படியே சரியாகத்தான் தெரியும். கலோசம் வளையும் இடத்தில் அம்புகள் வளைவோடு போகிறதா என்று பாருங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் தியேட்டர்:
சர்ஜனிடம் ஒன்று சொல்லிவையுங்கள் அண்ணா: டூரா (மூளை உறை) திறந்து திரவம் வடிந்ததும் மூளை அமுங்கும், நகர்வு ஒரு செ.மீ.யைத் தாண்டவும் கூடும். திரையில் பாதைக்கு 8 மி.மீ. இடைவெளி தெரிந்தாலும் அது ஸ்கேன் எடுத்த அன்றைய கணக்கு. ஆழத்தில் மோனோபோலார் (ஒற்றை முனை) மின்தூண்டலில் (ஐந்து துடிப்புத் தொடர்) கையை அசைக்கத் தேவைப்படும் 1 மி.ஆம்பியர் ஏறக்குறைய பாதைக்கு 1 மி.மீ. தூரம். 10-இல் தொடங்கி, 5-இலும் கை அசைந்தால் மிக மெதுவாக எடுக்க வேண்டிய இடம். நீண்டநேரத் தசைத் தளர்த்தி கொடுத்துவிட்டால் இந்தச் சோதனையே நடக்காது. மயக்க மருத்துவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.